ஐந்துக்கு ஐந்து போதுமா?

குழந்தைகளின் புள்ளி விவர அறிவைச் சோதிக்கும் விதம் பற்றி

அடுத்த வீட்டுப் பையன் ஐந்தாம் வகுப்பில் வாசிக்கிறான். சென்ற வாரம் ஒரு மாலை வேளையில், பரீட்சைத் தாளைக் கொடி போல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நம் வீட்டுக்குள் ஓடி வந்தான். "மாமா! ஐந்துக்கு ஐந்து!" என்று கூவினான்.

வாங்கிப் பார்த்தோம். தாளில் ஒரு பட்டை வரைபடம் அச்சிட்டிருந்தது. ஒரு வகுப்புக்கு ஐந்து நாட்களில் வந்த பிள்ளைகளின் தொகையை அது காட்டிற்று. திங்கள் 38, செவ்வாய் 40, புதன் 37, வியாழன் 39, வெள்ளி 21. எந்த நாளில் வந்தவர் அதிகம்? எந்த நாளில் குறைவு? வியாழனுக்கும் வெள்ளிக்கும் வித்தியாசம் என்ன? ஐந்து நாள் மொத்தம் எவ்வளவு? சராசரி எவ்வளவு? இவையே கேள்விகள். கடைசிக் கேள்விக்கு, மொத்தமாகிய 175-ஐ ஐந்தால் வகுத்து 35 என்று அழகாக எழுதியிருந்தான். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரிக்குறி.

"பேஷ்! ஆனால், தம்பி, அந்த வெள்ளிக்கிழமை மாத்திரம் பாதிப் பேர் ஏன் வரவில்லை?" என்று கேட்டோம்.

"அது கேள்வியில் இல்லையே, மாமா!"

"போகட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை எத்தனை பேர் வருவார்கள்?"

"21 பேர்."

"எப்படித் தெரியும்?"

"படத்தில்தான் போட்டிருக்கிறதே!"

"சராசரி 35 என்று எழுதியிருக்கிறாயே, 35 பேர் வந்த நாள் எது?"

பையன் படத்தை உற்றுப் பார்த்தான். ஒவ்வொரு பட்டையாக விரலை வைத்துப் பார்த்தான். பிறகு அவன் முகம் வாடிவிட்டது. "ஒரு நாளும் இல்லையே! அப்படியானால் என் விடை தப்பா, மாமா?" என்றான்.

விடை தப்பில்லை என்று சொல்லித் தேற்றி அனுப்பினோம். ஆயினும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. கூட்டவும் வகுக்கவும் தெரிந்த ஒரு புத்திசாலிப் பையன், தான் கண்டுபிடித்த எண் எதைச் சொல்லுகிறது என்பதை அறியாமலே முழு மார்க்கு வாங்கிவிட்டான். அறிந்தானா என்று யாரும் அவனைக் கேட்கவுமில்லை. குறை பிள்ளையிடத்தில் இல்லை, பரீட்சையில் இருக்கிறது.

தாதாபாய் போட்ட கணக்கு

"பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு நுட்பம் எதற்கு?" என்று வாசகர்களில் சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நமது தேசத்தின் கதையிலிருந்தே ஒரு விஷயத்தை நினைவூட்டுகிறோம்.

1870-களில் தாதாபாய் நௌரோஜி என்னும் பெரியவர் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் ஓராண்டு விளைபொருள் முழுவதையும் சர்க்காரின் அறிக்கைகளைக் கொண்டே மதிப்பிட்டார். சுமார் 34 கோடிப் பவுன் என்று கண்டார். அதைச் சுமார் 17 கோடி ஜனங்களால் வகுத்தார். தலைக்கு இரண்டு பவுன், அதாவது அக்காலத்து மதிப்பில் 20 ரூபாய் வந்தது. ஒரு மனிதனுக்கு ஓராண்டு முழுவதற்கும் அவ்வளவுதான்!

இதுவரையில் அவர் செய்தது நம் பையன் செய்ததே. ஆனால் தாதாபாய் அதோடு நிற்கவில்லை. இந்த 20 ரூபாயை, சிறைக் கைதி ஒருவனின் சோற்றுக்கும் துணிக்கும் சர்க்கார் செலவிட்ட தொகையோடு ஒப்பிட்டுக் காட்டினார். குடியானவனின் பங்கு கைதியின் பங்குக்கும் குறைவாக இருந்தது. அடுத்தபடியாக, இது வெறும் சராசரி என்பதையும் எடுத்துச் சொன்னார். செல்வர் தம் பங்கை அதிகமாக எடுத்துக்கொண்ட பிறகு ஏழைக்கு எஞ்சுவது 20 ரூபாய்கூட இல்லை என்பது அவருடைய வாதம். பிற்பாடு, 1882-இல், சர்க்கார் தரப்பில் பேரிங், பார்பர் என்ற இரு அதிகாரிகள் வேறு கணக்குப் போட்டு 27 ரூபாய் என்றார்கள். எதை எண்ணினார்கள், எதை விட்டார்கள் என்பதைப் பொறுத்தே இந்த எண்கள் மாறின. தேசத்தின் வறுமையைப் பற்றிய பெரும் விவாதம் ஒரு சராசரியைப் பற்றிய விவாதமாக நடந்தது.

அன்று அந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே. இன்று குடியரசில் ஒவ்வொரு பிரஜையின் வீட்டுக்கும் நாள்தோறும் எண்கள் வந்து சேருகின்றன. விலைவாசி இத்தனை சதவிகிதம், மழை சராசரிக்கு இத்தனை குறைவு, பத்துப் பேரில் ஒன்பது பேர் இந்தப் பற்பசையையே விரும்புகிறார்கள் என்று பத்திரிகையும் விளம்பரமும் கைப்பேசியும் ஓயாமல் சொல்லுகின்றன. எந்தப் பத்துப் பேர் என்று கேட்கத் தெரியாதவன் எழுதப் படிக்கத் தெரிந்தும் ஏமாறுவான்.

மூன்று படிகள்

இந்த அறிவைப் பிள்ளைகளிடத்தில் எவ்வாறு அளப்பது? இது பற்றிக் கல்வி ஆராய்ச்சியாளர்கள் நாற்பது ஆண்டுகளாகச் சிந்தித்து வந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பிரான்செஸ் கர்சியோ என்ற அம்மையார், நான்காம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வரைபடங்களை எப்படிப் புரிந்துகொள்ளுகிறார்கள் என்று ஆராய்ந்து, 1987-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். வரைபடத்தைப் படிப்பதில் மூன்று படிகள் உண்டு என்பது அவர் காட்டிய வழி. முதற்படி, படத்தில் உள்ளதை உள்ளபடி படிப்பது: "வெள்ளிக்கிழமை 21 பேர்." இரண்டாம் படி, படத்தின் உறுப்புகளை ஒன்றோடொன்று சேர்த்தும் ஒப்பிட்டும் படிப்பது: "வியாழனைவிட வெள்ளியில் 18 பேர் குறைவு." மூன்றாம் படி, படத்துக்கு அப்பால் படிப்பது: "அடுத்த வெள்ளிக்கிழமை எப்படியிருக்கும்? ஏன் அப்படி நினைக்கிறாய்?"

நம் பையனின் தாளை இந்த ஏணியில் சார்த்திப் பாருங்கள். ஐந்து கேள்விகளும் முதல் இரண்டு படிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. மூன்றாம் படிக்குக் கேள்வியே இல்லை. பிள்ளை ஏறவில்லை என்று எப்படிச் சொல்லுவது? படியே வைக்கவில்லையே!

விடையைவிடக் காரணம் பெரிது

மூன்றாம் படிக் கேள்விக்கு ஒரே விடை இருப்பதில்லை. ஆகையால் மார்க்குப் போடுவது எப்படி என்ற சங்கடம் உண்டாகிறது. இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். கிரஹாம் ஜோன்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளின் சிந்தனையை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். விவரங்களை விவரித்தல், ஒழுங்குபடுத்துதல், படமாக்குதல், பொருள் காணுதல் ஆகிய நான்கு காரியங்களிலும் குழந்தையின் சிந்தனை நான்கு நிலைகளில் அமைகிறது என்பது அவர்களுடைய துணிபு. அந்த நிலைகளை நம் வெள்ளிக்கிழமைக் கேள்வியைக் கொண்டே விளக்குவோம்.

"அடுத்த வெள்ளிக்கிழமை எத்தனை பேர் வருவார்கள்?" என்று கேட்கிறோம். ஒரு குழந்தை, "எனக்கு வெள்ளிக்கிழமை பிடிக்கும், ஆகையால் எல்லோரும் வருவார்கள்" என்கிறது. தன் மனத்தில் உள்ளதைச் சொல்லுகிறதேயன்றிப் படத்தைப் பார்க்கவில்லை. இது முதல் நிலை. இரண்டாவது குழந்தை, "21 பேர், படத்தில் இருக்கிறது" என்கிறது. படத்தைப் பார்த்துவிட்டது, ஆனால் ஒரு பட்டையைத் தவிர வேறொன்றும் அதன் கண்ணில் படவில்லை. மூன்றாவது குழந்தை, "மற்ற நாட்களில் 37 முதல் 40 வரை வந்திருக்கிறார்கள், ஆகவே 38 பேர் வரலாம்" என்கிறது. எண்களைச் சேர்த்து யோசிக்கிறது. நான்காவது குழந்தை, "நான்கு நாட்களில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறது, வெள்ளி மாத்திரம் வேறாக இருக்கிறது. அன்று ஊரில் திருவிழாவோ மழையோ இருந்திருக்கலாம். ஒரு வாரத்தை வைத்துச் சொல்ல முடியாது, இன்னும் சில வெள்ளிக்கிழமைகளைப் பார்க்க வேண்டும்" என்கிறது.

இந்த நான்காவது குழந்தை எண்ணே சொல்லவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். "விடை எழுதவில்லை" என்று சொல்லிச் சுழி போட்டுவிடக்கூடிய உபாத்தியாயர்கள் இருக்கிறார்கள். உண்மையில் நால்வரிலும் சிறந்த விடை அதுவே. எவ்வளவு தெரியும் என்பதோடு, தெரிந்ததைக் கொண்டு எவ்வளவு தூரம் சொல்லலாம் என்பதையும் அறிந்த விடை அது.

சராசரியின் கதையும் இத்தகையதே. மோக்ராஸ், ரஸ்ஸல் என்ற இரு அம்மையார்கள் நான்கு, ஆறு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு தனித்தனியே பேசி, 1995-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கணக்கை அவர்கள் தலைகீழாகத் திருப்பிக் கேட்டார்கள். சராசரி விலையை முதலில் சொல்லிவிட்டு, உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலங்கள் சிலவற்றுக்குத் தனித்தனியே விலை போடும்படி சொன்னார்கள். பிள்ளைகளின் மனத்தில் இருப்பது அப்போது வெளிவந்தது. சிலருக்குச் சராசரி என்பது அதிகமாகக் காணப்படும் எண். சிலருக்கு அது கூட்டி வகுக்கும் சடங்கு. சிலருக்கு நியாயமாகத் தோன்றும் ஓர் எண். சிலருக்கு நடுவில் நிற்கும் எண். வேறு சிலருக்குத் தராசு முள்ளைப் போல இரு பக்கத்தையும் சமன் செய்யும் எண். இவர்களில் சடங்கை மட்டும் அறிந்த பிள்ளை, கணக்கைத் திருப்பிப் போட்டவுடன் திகைத்து நின்றுவிடுகிறது.

நம் பையனுக்கும் நாம் அப்படித்தான் விளக்கினோம். "ஐந்து நாட்களிலும் சமமாக வந்திருந்தால் நாளொன்றுக்கு எத்தனை பேர் என்பதே 35. நாலு நாளின் மிச்சத்தை எடுத்து வெள்ளிக்கிழமையின் பள்ளத்தை நிரப்பிவிட்டாய்" என்றோம். அவன் விரல்களை மடக்கி, "மூன்று, ஐந்து, இரண்டு, நான்கு... பதினான்கு! வெள்ளிக்குக் குறைவும் பதினான்கு!" என்று துள்ளினான். விடை பழைய விடைதான். ஆனால் அது இப்போது அவனுடைய சொந்த விடையாகிவிட்டது.

நம் நாட்டில் நடப்பது

நமது பாடப் புத்தகங்கள் இவ்விஷயத்தை அடியோடு மறந்துவிட்டன என்று சொல்லுவதற்கில்லை. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தைத் தழுவி என்.ஸி.இ.ஆர்.டி. வெளியிட்ட கணிதப் புத்தகங்களில், இரண்டாம் வகுப்பிலேயே குதிரைவால் சடைகளை எண்ணும் ஒரு பாடம் வந்தது. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் அட்டவணைக்கும் வரைபடத்துக்கும் தனித்தனி அத்தியாயம் இருந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'தகவல் செயலாக்கம்' என்ற பெயரில் இது இடம் பெற்றிருக்கிறது. மத்திய சர்க்கார் 2021-இல் தொடங்கிய 'நிபுண் பாரத்' திட்டமும் ஆரம்ப எண்ணறிவின் அங்கங்களில் ஒன்றாக விவரங்களைக் கையாளுவதைச் சேர்த்திருக்கிறது.

பாடம் இருக்கிறது, சோதனைதான் பின்தங்கி நிற்கிறது. 2005 முதல் 'பிரதம்' ஸ்தாபனத்தார் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று நடத்தி வந்த 'அஸர்' ஆய்வு, தேசத்துக்குச் செய்த உபகாரம் பெரிது. ஆயினும் அதன் கணக்கு ஏணி எண்களை அறிதல், கழித்தல், வகுத்தல் என்ற படிகளைக் கொண்டது. அடிப்படையே ஆடிக்கொண்டிருக்கும்போது அவ்வாறு சோதிப்பது நியாயமே. பல தேசங்களில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடக்கும் 'டிம்ஸ்' சோதனையிலோ, 2019-லும் 2023-லும் கணிதத்தில் நூற்றுக்கு 20 பங்கு இந்த விவரப் பகுதிக்கே ஒதுக்கப்பட்டது. எது பரீட்சையில் கேட்கப்படுகிறதோ அதுவே வகுப்பில் கற்பிக்கப்படும் என்பது உபாத்தியாயர்கள் எல்லோரும் அறிந்த ரகசியம்.

ஒரு மாதிரிச் சோதனை

ஆகவே, குறை சொல்லுவதோடு நில்லாமல், யாரும் நடத்தக்கூடிய ஒரு சோதனையை இங்கே எடுத்துரைக்கிறோம். அதே வருகைப் படம் போதும். கேள்விகள் நான்கு.

முதலாவது, படத்தைப் படிப்பது. "இந்தப் படத்தைப் பார்க்காத உன் நண்பனுக்கு, இதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வாக்கியத்தில் சொல்." எண்களை ஒப்பிக்கிறதா, அல்லது "வெள்ளிக்கிழமை மாத்திரம் குறைந்துவிட்டது" என்று செய்தியைச் சொல்லுகிறதா என்பது இதில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, படம் செய்யும் மாயம். அதே எண்களைக் கொண்டு இன்னொரு படம் வரையுங்கள். ஆனால் அடிக்கோட்டைச் சுழியிலிருந்து தொடங்காமல் 20-லிருந்து தொடங்குங்கள். இப்போது செவ்வாயின் பட்டை இருபது பங்கு உயரமும், வெள்ளியின் பட்டை ஒரு பங்கு உயரமுமாக நிற்கும். வெள்ளிக்கிழமை பள்ளியே காலியாகிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் வந்தவர்களோ பாதிக்கும் மேல். "இரண்டு படங்களும் வேறு வேறு செய்தியா, ஒரே செய்தியா? உன் கண்ணை ஏமாற்றுவது எது?" என்று கேளுங்கள். பத்து வயதில் இதைக் கண்டுகொண்ட பிள்ளையை இருபது வயதில் விளம்பரக்காரன் எளிதில் ஏமாற்ற முடியாது.

மூன்றாவது, யாரைக் கேட்டார்கள் என்பது. "நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த விளையாட்டு எது என்று அறிய வேண்டும். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பத்துப் பேரை ஒருவன் கேட்டு வந்தான். அது போதுமா? நீயானால் யாரைக் கேட்பாய்?" டாஸ்மேனியாவில் ஜேன் வாட்ஸன் அம்மையார் பல ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆராய்ச்சிகளில் இத்தகைய கேள்விகளுக்கு முக்கிய இடமுண்டு. அவரும் காலிங்ஹாம் என்பவரும் 2003-இல் வெளியிட்ட ஆறு நிலை ஏணியில், சொன்னதைச் சந்தேகித்துக் கேட்கும் ஆற்றலே மேற்படிகளின் அடையாளம்.

நான்காவது, தானே தேடுவது. "நீ அறிய விரும்பும் ஒரு விஷயத்தைக் கேள்வியாக எழுது, ஒரு வாரம் எண்ணிக் கொண்டு வா, கண்டதைச் சொல்." தெருக்குழாயில் தண்ணீர் எத்தனை நிமிஷம் வருகிறது? ஒரு மணி நேரத்தில் வாசலைக் கடக்கும் சைக்கிள் எத்தனை, மோட்டார் சைக்கிள் எத்தனை? கேள்வி கேட்டல், விவரம் திரட்டல், ஆராய்தல், பொருள் கூறல் என்ற நான்கு நடைகளையும் ஒருசேரப் பழக்க வேண்டும் என்பதே அமெரிக்கப் புள்ளி விவரச் சங்கம் பள்ளிகளுக்காக 2007-இல் வெளியிட்ட வழிகாட்டியின் சாரம்.

உபாத்தியாயரின் கஷ்டம்

"நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?" என்று உபாத்தியாயர் கேட்பார். கேள்வி நியாயமானது. ஒருவழி உண்டு. படத்தைக் கரும்பலகையில் வரைந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டு, ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரே வாக்கியம் எழுதச் சொல்லலாம். மாலையில் அத்துண்டுகளை மேலே சொன்ன நான்கு நிலைகளின்படி நான்கு குவியலாகப் பிரித்தால் போதும். மார்க்குகூடப் போட வேண்டாம். எந்தக் குவியல் பெரிதோ, அதுவே நாளைய பாடத்தைத் தீர்மானித்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் அவசியம். ஒரு துண்டைப் பார்த்து, "இவன் முதல் நிலைப் பையன்" என்று முத்திரை குத்தலாகாது. படத்தை வரைவதில் பின்தங்கிய குழந்தை பொருள் காணுவதில் முந்தி நிற்கலாம். இன்று தவறியது நாளை தேறலாம். மற்றொன்று, எழுதத் தடுமாறும் பிள்ளையிடம் வாயால் கேட்க வேண்டும். அதையும் அதன் தாய்மொழியிலேயே கேட்க வேண்டும். காரணம் சொல்லுவதற்குச் சொல் வேண்டும். தெரியாத பாஷையில் "ஏன்?" என்று கேட்டுவிட்டு, குழந்தை வாய்மூடி நின்றால் அதற்கு அறிவில்லை என்று தீர்மானிப்பது பெரும் பாவம்.

நாளைய கணக்கு

1931-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளி விவர நிலையத்தை நிறுவினார் மகலநோபிஸ். அவர் பிறந்த ஜூன் 29-ஆம் தேதியை 2007 முதல் தேசப் புள்ளி விவர தினமாகக் கொண்டாடி வருகிறோம். அறிஞர்களுக்கு நம்மிடையே குறைவில்லை. ஆனால் எண்ணுகிறவர்கள் சிலராயிருந்தாலும், எண்ணப்படுகிறவர்கள் நாம் அனைவரும் அல்லவா? 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்து வந்த ஜனத்தொகைக் கணக்கு, 2011-க்குப் பின் 2021-இல் நடைபெறாமல் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1-ஆம் தேதியை மையமாகக் கொண்டு அடுத்த கணக்கு நடக்கும் என்று 2025-இல் அறிவித்தார்கள். வீடு வீடாகச் சென்று அதை எழுதும் பணி பெரும்பாலும் பள்ளி உபாத்தியாயர்களின் தோள் மீதே விழுவது வழக்கம். தேசத்தின் கணக்கை எழுதும் அந்தக் கையே வகுப்பில் பிள்ளைக்குக் கணக்கைக் கற்பிக்கும் கை. அதன் பெருமையைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது.

பெற்றோர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் குழந்தை பரீட்சைத் தாளோடு வரும்போது மார்க்கைப் பாருங்கள், பாராட்டுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எதைச் சொல்லுகிறது?"

அடுத்த வீட்டுப் பையன் நேற்று மறுபடியும் வந்தான். அன்றைய பத்திரிகையில் வந்திருந்த ஒரு படத்தைக் காட்டினான். "பத்தில் எட்டுப் பேர் என்று போட்டிருக்கிறது, மாமா. யாரைக் கேட்டார்கள் என்று போடவே இல்லையே?" என்றான்.

அந்தக் கேள்விக்கு அவனுடைய பரீட்சையில் மார்க்கு இல்லை. இருக்கும் நாள் வர வேண்டும்.